டயானா அட்டைக்கு என்ன விலை?

2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் அரசியார் காலமானார். அடுத்த சில நாட்களில் லண்டன் பேப்பர் கடைகளின் முகப்பெல்லாம் நினைவுச் சிறப்பிதழ்கள். பழைய அரச குடும்பப் பத்திரிகைகள் நல்ல விலைக்குப் போகும் என்று ஊடகங்கள் எழுதத் தொடங்கின. ஈஸ்ட் ஹாமில் பேப்பர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பருக்கும் அந்த நம்பிக்கை வந்தது. கடையை வாங்கியபோது மேல்மாடியில் கிடந்த பழைய பத்திரிகைப் பெட்டிகள் அப்படியே இருந்தன. “இதுக்கு விலை சொல்லுற மனுசி ஒராள் இருக்கிறா அண்ணை. பொய் சொல்லமாட்டா. நீங்களும் வாங்கோ” என்றார்.

அந்த அம்மையார் எழுபதைக் கடந்தவர். கையுறை அணிவதில்லை. கைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கையுறை போட்டால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாது, கிழிந்துவிடும் என்றார்.

முதலில் தேதி. பிறகு பக்கங்களை எண்ணினார். நடுவில் இணைப்பாக வந்த சுவரொட்டி இல்லாத இதழ் அந்தக் கணமே ஒதுக்கப்பட்டது. தைத்த கம்பியில் துரு இருக்கிறதா, முதுகு மடங்கியிருக்கிறதா, சந்தாதாரர் முகவரிச் சீட்டு அட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இந்தப் பத்திரிகைகளின் வழுவழுப்பான தாளில் களிமண் பூச்சு உண்டு. ஈரம் ஏறிக் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இளவரசியின் முகம் உரிந்து வரும். ஒரு பெட்டி முழுக்க அப்படிப் போயிருந்தது. அமெரிக்காவில் பத்துப் புள்ளிக் கணக்கில் தரம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர் அந்த வழிக்குப் போவதில்லை.

விலைக்கு மட்டும் கணினியைத் திறந்தார். ஏல இணையதளத்தில் விற்பவர் கேட்கும் விலையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விற்று முடிந்தவற்றின் பட்டியலை மட்டும் பார்த்தார். “கேட்கிற விலை ஆசை. விற்ற விலைதான் விலை.”

1981 ஜூலை 29 அன்று நடந்த டயானாவின் திருமணத்தை உலகெங்கும் சுமார் 75 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அன்றைய சிறப்பிதழ்களை வீட்டுக்கு வீடு பத்திரப்படுத்தினார்கள். 1997 ஆகஸ்ட் 31 அன்று அவர் இறந்த பின் வந்தவையும் 2011 இளவரசர் வில்லியம் திருமண இதழ்களும் அப்படியே. எல்லோரும் காப்பாற்றியதால் அவற்றுக்கு விலை இல்லை.

எது அரிது என்பதை அம்மையார் படித்த இடம் ஒரு கடையின் பின்கட்டு. பதினாறு வயதில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பேப்பர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். புது இதழ் வந்ததும், விற்காத பழைய பிரதிகளை எண்ணிக் கட்டி மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவை கூழாகிவிடும். எந்த வாரத்துக் கட்டு கனமாக இருந்தது, எந்த வாரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று இன்றும் சொல்கிறார். சாதாரண வாரங்கள்தான் கூழாகிப் போயின. அந்த இளம்பெண்ணின் கைகளே எத்தனையோ பிரதிகளை அழிவுக்கு அனுப்பியிருக்கின்றன. இன்று மிஞ்சியவற்றை அதே கைகள் தேடுகின்றன.

அரிதாக இருந்தால் மட்டும் போதாது, தேடுபவரும் வேண்டும். 1988 மே மாதம் பிரிட்டனில் தொடங்கிய ‘ஹலோ’வின் முதல் இதழைத் தேடுபவர்கள் உண்டு; இளவரசி ஆன் இடம்பெற்ற இதழ் அது. டயானா இறந்த வாரத்தில் அமெரிக்காவின் ‘நேஷனல் என்குயரர்’ அவரை இழிவாக எழுதிய அட்டையோடு கடைகளில் இருந்தது. பத்திரிகை நிறுவனமே அதை அகற்றச் சொன்னது. அப்படித் திரும்பப் பெறப்பட்ட இதழ்களுக்கும் ஆள் உண்டு. நண்பரின் பெட்டிகளிலிருந்து அம்மையார் பிரித்து வைத்தது, 1980 இலையுதிர் காலத்து வார இதழ் ஒன்று. உள்பக்கத்தில் டயானாவின் சிறிய படம். திருமண நிச்சயம் 1981 பிப்ரவரி 24 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அவர் படம் வந்த இதழைப் பத்திரப்படுத்த யாருக்கும் காரணம் இல்லை. மற்ற பெட்டிகள் மொத்தமும் ஓர் இரவுச் சாப்பாட்டுச் செலவுக்குக்கூட வராது. அதை நண்பரின் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

எனக்குக் கோபம் வருவது இடையில் நிற்பவர்கள் மேல்தான். அச்சிடும்போதே அட்டையில் ‘சேகரிப்போர் பதிப்பு’ என்று போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கணவனை இழந்த மூதாட்டியின் வீட்டைக் காலி செய்து தருகிறோம் என்று வருகிறவர், நல்ல நாலு இதழை உருவிக்கொண்டு மிச்சத்துக்குச் சில்லறை கொடுக்கிறார். அதே மூதாட்டியிடம் இன்னொருவர், இணையத்தில் யாரோ எழுதிவைத்த ஆசை விலையைக் காட்டிக் கமிஷன் பேசுகிறார். பத்திரிகையைக் கடையில் கொண்டுவந்து இறக்கவே மொத்த வியாபாரிக்குக் கட்டணம் கட்டும் சிறு கடைக்காரருக்கு எந்த முனையிலும் லாபம் இல்லை. ஒன்றும் தேறாது என்று உண்மை சொல்பவருக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். ஆயிரம் பவுண்டு என்று பொய் சொல்பவருக்குப் பெட்டியையே தூக்கிக் கொடுக்கிறோம்.

லண்டனில் பேப்பர் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர். பரணில் பெட்டி இருந்தால் முதலில் ஈரத்திலிருந்து எடுங்கள். பிறகு, உங்கள் இதழை வாங்குவதில் லாபம் பார்க்காத ஒருவரிடம் கூலி கொடுத்து விலை கேளுங்கள். வாங்க வந்தவரே விலையும் சொன்னால், அன்றைக்கு விற்காதீர்கள்.