அம்மாவும் கொடிமலை ஏறினார்



செபராங் பிறைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பினாங்குக் கொடிமலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போது, கடலுக்கு அப்பால் மேற்கே மின்மினி போல் விளக்குகள் தெரியுமே, அந்த மலைதான். என் தாயார் முப்பது ஆண்டுகள் அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே பால்மரம் வெட்டப் போனவர். ஒரு நாளும் மேலே போனதில்லை. கேட்டால், "அதெல்லாம் துரைமாருங்க போற இடம்பா" என்பார்.

அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. 1786இல் பினாங்கில் இறங்கிய பிரான்சிஸ் லைட், சில ஆண்டுகளிலேயே இந்த மலைக்குப் பாதை வெட்டச் செய்தார். வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் உச்சியில் பங்களா கட்டிக்கொண்டார்கள். குதிரையில் ஏறினார்கள், ஆட்கள் தூக்கிய டோலியிலும் ஏறினார்கள். 1923இல்தான் மலை ரயில் ஓடத் தொடங்கியது.

சென்ற பள்ளி விடுமுறையில், அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயதான பிறகு, எனக்குப் புத்தி வந்தது. என் மகனையும் கூட்டிக்கொண்டு மூவரும் புறப்பட்டோம். காலையில் பசியாறிவிட்டு, பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, அக்கரையில் 204ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் நேரே மலையடிவாரம்.

ரயில் எப்படி ஏறுகிறது என்று மகன் கேட்டான். கிணற்று உருளையில் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியது போலத்தான். ஒரு வண்டி ஏறும்போது மற்றொன்று இறங்கும். நடுவழியில் மட்டும் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். முன்பெல்லாம் பாதிவழியில் வண்டி மாற வேண்டும். அரைமணி நேரம் பிடிக்கும். 2011 முதல் ஓடும் புதிய வண்டி பத்து நிமிடத்துக்குள் உச்சியில் விட்டுவிடுகிறது. செங்குத்தான இடத்தில் அம்மா கண்ணை மூடி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் கையை நான் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது.

மேலே குளிர்ந்த காற்று. அருளொளித் திருமுருகன் ஆலயமும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அம்மா முருகனை வணங்கிவிட்டு, கம்பியருகே வந்து நின்றார். கீழே ஜோர்ஜ்டவுன், 1985இல் திறந்த பினாங்குப் பாலம், அதற்கப்பால் நம் பக்கத்துக் கரை.

"நம்ம தோட்டம் எங்கேப்பா இருக்கு?"

கையை நீட்டிக் காட்டினேன். அங்கே வீடமைப்புத் திட்டங்களின் கூரைகள்தாம் தெரிந்தன. எங்கள் தோட்டத்தை விற்று, லயங்களை இடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அங்கேருந்து இது தெரிஞ்சுது. இங்கேருந்து அது தெரியலையே" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகன்தான், "பாட்டி, நீங்க வெட்டின மரம் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டான். அவ்வளவுதான்! நிரை நிரையாக, மங்கு மங்காக, பாட்டி சொல்லத் தொடங்கிவிட்டார். இறங்கும் வண்டியிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. இந்த முறை அவர் கண்ணை மூடவும் இல்லை.

வாசகர்களே, வார நாளில், காலையிலேயே போங்கள், கூட்டம் குறைவு. அடையாள அட்டையை மறக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களை முழங்கால் ஒத்துழைக்கும்போதே அழைத்துப் போங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள். மலை அங்கேயே இருக்கும்; கதை சொல்பவர்கள் இருக்கமாட்டார்கள்.