தட்டினால் மட்டும் திறக்கும் கதவு

2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடியது. மாண்ட 70 பேரில் பெரும்பாலோர் தமிழர். எல்லையோரத் தமிழ்ப் பேச்சை ஆராயும் ஆய்வாளர் ஒருவருக்கு, முதியோரின் குரல்களைப் பதிவுசெய்வதில் இனிக் காலம் தாழ்த்தலாகாது என்ற எண்ணம் அதன்பின் உறுதிப்பட்டது. தேவிகுளம் வட்டத்து லயங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் அவர் திரட்டிய ஒலிப்பதிவுகள் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரி அறையின் லினக்ஸ் கணினியில் சேர்ந்தன.

அக்கணினிக்குள் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கின. ஒன்று பதிவுகளைக் காத்தது. மற்றொன்று எழுத்துப்பெயர்ப்புக்கு உதவியது. இரண்டையும் இணைத்தது லிப்விர்ட் மென்பொருள் அமைத்துத் தரும் ‘டிபால்ட்’ என்னும் மெய்நிகர் வலையமைப்பு. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை ஹோஸ்ட் கணினியே உள்ளே கடத்தியது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் நின்றது. யுபிஎஸ் தீர்ந்தது. மின்சாரம் மீண்டதும் கணினி தானாக எழுந்தது. பதிவுகளின் தளம் மட்டும் திறக்கவில்லை. மூணாற்றில் இருந்த ஆய்வாளர் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து, ‘விர்ஷ் நெட்-லிஸ்ட் --ஆல்’ என்று கேட்டார். வலையமைப்பு இயங்குவதாகவும், தானியக்கம் ‘ஆம்’ என்றும் விடை வந்தது. சிறிது நேரத்தில் தளமும் திறந்தது. அடுத்த மின்தடையிலும் இதுவே நிகழ்ந்தது. ஒரு சொல்லின் பொருளைச் சரிபார்க்கவெனத் தோட்ட வேலை முடித்து வந்து அமர்ந்திருந்த மூதாட்டி, அதற்குள் சோறு வடிக்க எழுந்து போய்விட்டார்.

இத்தகைய பழுதுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சில உண்டு. ‘நெட்-ஸ்டார்ட்’ கட்டளை வலையமைப்பை அப்போதைக்கு மட்டும் எழுப்பும். ‘நெட்-ஆட்டோஸ்டார்ட்’ கட்டளையே அடுத்த தொடக்கத்துக்கும் எழுப்பும். முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடுவோர் பலர். டிபால்ட் வலையமைப்பின் 192.168.122 முகவரித் தொடரை வேறோர் இணைப்பு ஏற்கெனவே கைக்கொண்டிருந்தாலும், 53ஆம் துறையை மற்றொரு டிஎன்எஸ் சேவை பிடித்து வைத்திருந்தாலும் வலையமைப்பு எழாது. இவற்றுள் எதுவும் இங்கே பொருந்தவில்லை.

மூன்றாம் முறை அவர் நிலையைக் கேட்கவில்லை, நேரத்தைப் பார்த்தார். ‘ஜர்னல்சிடிஎல்’ பதிவேட்டின்படி, வலையமைப்பைக் காக்கும் ‘விர்ட்நெட்வொர்க்டி’யும், மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ‘விர்ட்கியூஇஎம்யூடி’யும் கணினி எழுந்த நேரத்தில் தொடங்கவில்லை. அவர் உள்ளே வந்து கட்டளையிட்ட நொடியிலேயே தொடங்கியிருந்தன.

காரணம் லிப்விர்ட்டின் புதிய அமைப்பில் இருந்தது. முன்பு ‘லிப்விர்ட்டி’ என்ற ஒரே சேவை எல்லாப் பணிகளையும் பார்த்துக்கொண்டது. 2021இல் வெளியான ஃபெடோரா 35 போன்ற வழங்கல்கள் அதைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்த அமைப்புக்கு மாறின. அச்சேவைகளின் ‘சாக்கெட்’ மட்டும் இயக்கப்பட்டிருந்தால், யாரேனும் வந்து தட்டும்வரை அவை உறங்கும். சேவை விழித்த பிறகே ‘தானியக்கம்: ஆம்’ என்ற குறிப்பு படிக்கப்படும். எனவே சோதிக்க வருபவரே தம்மையறியாமல் பழுதை நீக்கிவிடுகிறார். பழுது அவர் கண்ணில் படுவதே இல்லை.

இரண்டு சேவைகளையும் ‘சிஸ்டம்சிடிஎல் எனேபிள்’ கட்டளையால் கணினித் தொடக்கத்தோடு அவர் பிணைத்தார். கடினமானது அதன்பின் வந்த சோதனைதான். கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு, உள்ளே நுழையாமல், எந்தக் கட்டளையும் இடாமல், கைபேசியில் தளத்தை மட்டும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. தளம் திறந்தது.

கள ஆய்வின் பழைய சிக்கலும் இதுவே. ஆய்வாளர் எதிரே அமர்ந்தால் பேச்சு திருந்தி விடுகிறது. அவர் இல்லாதபோது அது எவ்வாறு இருக்கும் என்பதே கேள்வி. சமூக மொழியியலில் வில்லியம் லபோவ் இதை ‘நோக்குநரின் முரண்’ என்று குறித்தார். மொழித்தரவுகளைக் காக்கும் துறைகள் தம் கணினிகளையும் இவ்வாறே, ஆளில்லாத வேளையில், ஒருமுறை சோதித்துக்கொள்வது நன்று. எல்லை மலைகளில் மின்சாரம் நிற்கும்போது, அறிந்தவர் அருகில் இருப்பது அரிது.