குழாய்க்கும் மூச்சு வேண்டும்

மும்பை செம்பூரில் ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்று. மூன்றாவது மாடி வீட்டின் சமையலறையில் இரவு பத்து மணிக்கு மேல் சாக்கடை நாற்றம் கிளம்பும். பழி விழுந்தது, மகனோடு வசிக்கும் எழுபது வயது அம்மாள் மீது. சாதமும் புளிச் சக்கையும் சிங்க்கில் கொட்டுகிறார் என்பது மருமகளின் புகார். மகன் வாய் திறக்கவில்லை. அம்மாளுக்கு அதில்தான் அதிக வருத்தம். பாத்திரம் துலக்குவதையே நிறுத்திவிட்டார். நாற்றம் நிற்கவில்லை.

முதல் பிளம்பர் ஆசிட் ஊற்றினார். இரண்டாமவர் கம்பி விட்டுக் குடைந்தார். மூன்றாமவர்தான் கேள்வி கேட்டார்: "மாஜி, மேல் வீட்டில் தண்ணீர் கொட்டினால் இங்கே சத்தம் வருமா?"

"களக் களக்கென்று வரும்." பல மாதமாக அவர் சொல்லிவந்ததுதான். யார் கேட்டார்கள்?

சிங்க்குக்கு அடியில் குழாய் வளையும் இடத்தில் சிறிது தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்காகக் காப்புரிமை வாங்கிய உத்தி. சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான். மாடியிலிருந்து மொத்தமாக இறங்கும் தண்ணீர் தன் பின்னால் காற்றை இழுக்கும். குழாயின் மேல் வாய் திறந்திருந்தால் அங்கிருந்து காற்று வரும். மூடியிருந்தால் கீழ் வீட்டு வளைவில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிவிடும். பகலில் பாத்திரம் கழுவக் கழுவ வளைவு நிரம்பிவிடும். இரவில் நிரப்ப ஆளில்லை. குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது சும்மா அல்ல. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றியது. தரைக் குழாய்களின் வளைவுகள் வற்றிக் கிடந்ததும் காரணம் என்றது அரசு விசாரணை.

பிளம்பர் மொட்டை மாடிக்கு ஏறினார். மழைக்கு முன் ஒழுகல் அடைக்க வந்தவர்கள் குழாயின் வாயையும் சிமெண்ட் வைத்து அழகாகப் பூசியிருந்தார்கள். கொசு ஒழிந்தது என்று சொசைட்டி செயலருக்குப் பெருமை வேறு. (கொசுவுக்கு ஒரு துண்டு வலை போதும்.) சுத்தியலால் பத்து நிமிட வேலை.

அன்றிரவு மேல் வீட்டில் வாளி கவிழ்ந்தது. சிங்க் மூச்சுக் காட்டவில்லை.

மறுநாள் காலை மருமகள் காபித் தம்ளரை நீட்டினார். வேறு பேச்சில்லை. அம்மாள் குடித்துவிட்டுப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தார். புளிச் சக்கையைக் குப்பைக் கூடையில் போட்டார், எப்போதும் போல.