பேனாவை நம்பி எழுதிய விளையாட்டுகள்

விரலையோ பேனாவையோ திரை பார்ப்பதில்லை. தொடுதலுக்கு நிரல் எழுதுகிறவன் முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். 2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத்திரைக் கையடக்க விளையாட்டுக் கருவியின் கீழ்த்திரைக்கு அழுத்தம் மட்டுமே தெரியும். மேலே வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் படலம், கீழே கண்ணாடி. இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு. அழுத்திய இடத்தில் இரு பூச்சுகளும் தொட்டுக்கொள்ள, அங்குள்ள மின்னழுத்தத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நகத்தால் அழுத்தினாலும் ஐஸ் குச்சியால் அழுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். இது ரெசிஸ்டிவ் திரை. பிளேஸ்டேஷன் வீட்டா, நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிகளும் நம் சட்டைப்பையில் இருக்கும் போனும் கெப்பாசிட்டிவ் வகை. விரல் பட்டதும் அங்கே மின்புலம் மாறுவதை அவை உணர்கின்றன. அழுத்தத் தேவையே இல்லை. சாதாரண பிளாஸ்டிக் பேனாவை வைத்து எவ்வளவு தேய்த்தாலும் அவற்றுக்கு உறைக்காது.

முதலாவது பழையது, இரண்டாவது புதியது, ஆகவே இரண்டாவதே மேல் என்று பொதுவாகப் பேசிவிடுகிறார்கள். டிஎஸ்ஸுக்குப் பொழுதுபோக்காக நிரல் எழுதத் தொடங்கி, இன்று போன் விளையாட்டுகளில் பிழைக்கிறவன் நான். எனக்கு இந்தப் பேச்சு ஒப்பவில்லை. பேனா வைத்திருக்கிறவரிடம் ஒரு விளையாட்டு 'வரை' என்று கேட்கலாம். வெறும் விரலோடு இருப்பவரிடம் தட்டவும் தள்ளவும் இழுக்கவும் கேட்கலாம். கேட்கிற வேலையே வேறு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். டிஎஸ்ஸின் கீழ்த்திரை 3 அங்குலம், 256க்கு 192 பிக்சல். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 4 பிக்சல் வருகிறது. விரல் நுனி படும் இடம் 8 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 30 பிக்சலுக்கு மேல் மறைந்துவிடும். பேனா முனை மறைப்பது அதில் மிகச் சிறிய பங்கு. 2007இல் வந்த எட்ரியன் ஒடிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்திரையில் நிலவறைக்குள் நடக்கிறோம். கீழ்த்திரையில் கட்டம் போட்ட தாள். சுவர் எங்கே, கதவு எங்கே என்று ஆடுகிறவரே கோடு இழுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தப்பாக வரைந்தால் தொலைந்து போவோம். அந்த விளையாட்டின் சுவையே அதில்தான் இருக்கிறது. வரைகிற கை கீழ்த்திரையை மறைத்தாலும் நடக்கும் வழி மேலே மறையாமல் நிற்கிறது. இரண்டு திரை வைத்ததன் அருமை, பேனாவைப் பிடித்து ஆடும்போதுதான் முழுதாகப் புரியும்.

உள்ளே இருந்து பார்த்தால் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. ரெசிஸ்டிவ் திரையில் பேனாவை எடுக்கும் கணத்தில் அழுத்தம் குறைகிறது, பூச்சுகளின் தொடர்பு தளர்கிறது, அளவீடு தாறுமாறாகத் துள்ளுகிறது. கோட்டின் கடைசியில் வால் முளைத்தது போல் ஒரு கிறுக்கல் வரும். கடைசியாக வந்த புள்ளிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அவற்றுக்கு முந்தியதை முடிவாகக் கொள்வதே வழி. இரண்டு இடத்தில் ஒரே நேரம் அழுத்தினால் திரை குழம்பி, நடுவில் எங்கோ ஓரிடத்தைச் சொல்லும். கெப்பாசிட்டிவ் திரையில் தொல்லை வேறு விதம். விரல் அழுந்த அழுந்தத் தொடும் பரப்பு விரிகிறது, அதன் மையம் நகர்கிறது. ஆடுகிறவர் தன் நகத்தின் முனையைப் பார்த்துத் தொடுகிறார். திரையோ அதற்குக் கீழே, சதை பட்ட இடத்தைச் சொல்கிறது. ஆகவே பொத்தானின் தொடுபரப்பைப் படத்தைவிடப் பெரிதாக்கி, கொஞ்சம் கீழே இறக்கி வைப்பேன். சென்னையில் மே மாதத்தில் வியர்த்த விரலோடு சோதித்துப் பார்த்தால் கெப்பாசிட்டிவ் திரை படுத்தும் பாடு தனிக்கதை.

பேனாவுக்கும் விலை உண்டு. ஒரு கையில் கன்சோல், மறு கையில் பேனா என்றால் பேனா பிடித்த பக்கத்துப் பொத்தான்கள் போயின. டிஎஸ்ஸின் வாரிசான 3டிஎஸ்ஸில் வந்த கிட் இகாரஸ்: அப்ரைசிங் நகர்வதை ஒரு கைக்கும் குறி வைப்பதைப் பேனாவுக்கும் கொடுத்தது. கை வலிக்கும் என்று தெரிந்தே பெட்டிக்குள் ஒரு தாங்கியையும் சேர்த்து விற்றார்கள். விரல் திரையில் இந்தச் சிக்கல் குறைவு. இரு கையாலும் பிடித்தபடியே கட்டைவிரல் ஓரங்களை எட்டும். பல விரல்களை ஒருசேர வைக்கலாம், குழந்தைக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் அந்த வசதிக்காகவே விளையாட்டு செய்தால்தான் அது பலிக்கும். வீட்டாவின் பின்பக்கத்தில் வைத்த தொடுபரப்பு, பிடித்திருக்கும் விரல்களையே தொடுதலாக எடுத்துக்கொண்டது.

இரண்டையும் ஒப்பிட, ஆடுகிறவரே தளங்களை வடிவமைக்கும் மரியோ மேக்கரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2015இல் வந்த முதல் பாகத்தில், வீ யூ கன்சோலின் 6.2 அங்குலத் திரை கொண்ட கேம்பேட் மீது பேனாவால் தரையும் குழாயும் வரைந்தோம். 2019இல் இரண்டாம் பாகம் ஸ்விட்சுக்கு வந்தது. திரை அதே 6.2 அங்குலம், பிக்சல் இன்னும் அதிகம், ஆனால் விரல். கட்டங்களை ஒவ்வொன்றாக வைக்கும்போது விரலே கட்டத்தை மறைத்துக்கொண்டு நின்றது. ஐரோப்பாவில் அந்த விளையாட்டின் சிறப்புப் பதிப்போடு கெப்பாசிட்டிவ் பேனா ஒன்றையும் கொடுத்தார்கள். அதன் முனை டிஎஸ் பேனாவினதைவிடத் தடிமன்.

ஸ்விட்சில் தொடுதிரை பெரும்பாலும் சும்மா கிடப்பதற்கு இன்னொரு காரணம், அது டிவியோடு இணைத்தும் ஆட வேண்டிய கருவி. டிவியோடு இணைக்கும் டாக்கில் செருகிவிட்டால் திரையைத் தொட முடியாது. தொடுதலை நம்பி ஒரு விளையாட்டு எழுதினால் டிவியில் ஆடுகிறவரை இழக்க வேண்டும். எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? பேனாவை நம்பிய வகைகள் சுருங்கியதற்கு ஆடுகிறவர்களின் சலிப்பு காரணம் என்று நான் நினைக்கவில்லை. 2005இல் டிஎஸ்ஸுக்கு வந்த, பேனாவால் தாளத்துக்குத் தட்டும் ஓஸு! டடகாயே! ஓயென்டானைப் பார்த்து உருவான கணினி விளையாட்டுதான் 'ஓஸு!'. அதை ஆடும் கைதேர்ந்தவர்கள் பலர் ஓவியர்களுக்கான பேனா டேப்லெட்டை வாங்கிவந்து ஆடுகிறார்கள். பேனா இல்லாத இடத்துக்கு அவர்களே பேனாவைக் கொண்டுவந்தார்கள்.

விரலுக்கு விளையாட்டு செய்யும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். மெல்லிய கோட்டைத் துல்லியமாக இழு என்று ஆடுகிறவரிடம் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் விரலுக்கு மேலே ஒரு சிறு உருப்பெருக்கிச் சாளரம் வையுங்கள். கூடவே ஒரு பழைய டிஎஸ் லைட்டைத் தேடி வாங்கி, எட்ரியன் ஒடிசியின் முதல் தளத்தை உங்கள் கையாலேயே வரைந்து முடியுங்கள். டிஎஸ் கேம் கார்டுகளுக்குப் பெரும்பாலும் பிராந்தியத் தடை கிடையாது. இந்த விளையாட்டின் எந்த நாட்டுப் பிரதியும் ஓடும். வாங்கும்போது கீழ்த்திரைப் படலத்தில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸில் போய்த் திரையை ஒருமுறை கேலிபரேட் செய்துவிடுங்கள்.