தீப்பெட்டியின் மறுபக்கம்

சென்ற கோடை விடுமுறையில், ஏழு வயது நிரம்பிய நம் பேத்தி திண்ணையில் அமர்ந்து, எதிரே ஒரு தீப்பெட்டியை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். ஓய்வு பெறும்வரை ஓவிய ஆசிரியராகப் பணியாற்றிய பழக்கத்தால் நாம் மெல்ல எட்டிப் பார்த்தோம். தாளின் நடுவே ஒரு நீள்சதுரம். அதன் நாற்புறமும் ஒட்டினாற்போல் இன்னும் நான்கு நீள்சதுரங்கள். தீப்பெட்டி சிலுவை வடிவில் விரிந்து கிடந்தது. 'தவறு' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதனை விழுங்கிக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு.

நாம் பணியில் சேர்ந்த புதிதில், நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சாக்பீஸ் பெட்டியை இதே முறையில் வரைந்து, மகிழ்ச்சியோடு நம்மிடம் நீட்டினான். நாமோ சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடிட்டு, "பெட்டி இப்படியா இருக்கும்?" என்று வகுப்பே கேட்கும்படி வினவினோம். பிள்ளைகள் சிரித்தனர். அவ்வாண்டு முடியும்வரை அவன் கரும்பலகையில் நாம் வரைந்ததைப் பார்த்து வரைந்தானே அன்றி, தானாக ஒரு கோடும் இழுத்தானில்லை. மதிப்பெண் என்னவோ நன்றாகவே பெற்றான். ஆகையால் அவனுக்கு நேர்ந்ததை நாம் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

எனவே இம்முறை, "ஏனம்மா இத்தனை பக்கம்?" என்று மட்டும் கேட்டோம். "இந்தப் பக்கம் இல்லையென்றால் குச்சியெல்லாம் கீழே கொட்டிவிடுமே, தாத்தா!" என்றாள்.

எவ்வளவு நியாயமான விடை! சிறு குழந்தை கண்ணால் காண்பதை வரைவதில்லை. தான் அறிந்ததை வரைகிறது. பிரான்சு நாட்டு அறிஞர் லூக்கே என்பவர் தம் சொந்த மகளின் படங்களை ஆராய்ந்து 1913-இல் ஒரு நூல் வெளியிட்டார், 1927-இல் மற்றொன்று. அறிவால் வரையும் பருவம் ஒன்று, கண்ணால் வரையும் பருவம் ஒன்று என அவர் பிரித்துக் காட்டினார். பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதையொட்டியே இரண்டாவது தலைகாட்டும். பெரியவர்களுக்கும் இது எளிதில் கைவந்த வித்தையன்று. தட்டையான சுவரில் ஆழத்தைக் கணக்குப்படி காட்டும் முறையை ஐரோப்பிய ஓவியர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் வகுத்துக்கொண்டனர். ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில், 1427-ஆம் ஆண்டையொட்டி மசாச்சியோ வரைந்த தமதிருத்துவ ஓவியம் அவ்வகையில் முதன்மையானவற்றுள் ஒன்று. சுவரைக் குடைந்து ஒரு சிற்றாலயமே கட்டியதுபோல் அது தோன்றும். இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட ஒன்றை நான்காம் வகுப்புப் பையன் ஒரே பாடவேளையில் செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தோம்!

பென்சிலைக் கீழே வைக்கச் சொன்னோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தீப்பெட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் ஒரு பக்கமே தெரியும். சற்றுத் திருப்பினால் இரண்டு. சற்றுத் தாழ்த்தினால் மேற்பக்கமும் சேர்ந்து மூன்று. நான்காவது பக்கத்தைக் காண முடியுமா என்று கேட்டோம். அரைமணி நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னர் உள்ளே ஓடி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் வைத்து, "இதோ தெரிகிறதே!" என்றாள். ஓவிய ஆசிரியரிடம் அதற்கு மறுமொழி இல்லை.

மறுநாள் கனசதுரம். ஒரு சதுரம் வரைந்து, சற்று மேலே வலப்புறம் தள்ளி அதே அளவில் இன்னொன்று வரைந்து, மூலைக்கு மூலை கோடிட்டு இணைப்பது எல்லாரும் அறிந்த முறை. பலர் இதனையே முதல் பாடமாக்குகின்றனர். நாமும் ஆக்கினோம். கையில் பெட்டியைத் திருப்பிப் பாராத பிள்ளைக்கு அது வெறும் சூத்திரமே. எட்டு முனைகளும் பன்னிரண்டு விளிம்புகளும் எங்கிருந்து வந்தன என்று அதற்குத் தெரியாது. பின்னோக்கிச் செல்லும் கோடுகளைச் சதுரத்தின் பக்கத்தில் ஏறக்குறைய பாதியளவாக வரைய வேண்டும். இன்றேல் கனசதுரம் நீண்ட பெட்டிபோல் தோன்றும். வரைந்த படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரெனப் பின்பக்கம் முன்னே வந்துவிட்டது என்று கூவினாள். 1832-இல் நெக்கர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் எழுதி வைத்த விந்தையும் இதுவே. முன்பக்கத்தால் மறையும் மூன்று கோடுகளை அழித்ததும் பெட்டி அடங்கி நின்றது.

உருளைக்கு எவர்சில்வர் டம்ளர். (அது அடுக்களைக்குத் திரும்பாதது பற்றி இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது.) பிள்ளைகள் டம்ளரின் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் வரைவர். தரையில் படிந்து நிற்கும் பொருளுக்கு அடி தட்டையாகத்தானே இருக்க வேண்டும்! டம்ளரைக் கண்மட்டத்தில் பிடித்தால் அதன் வாய் வெறும் கோடு; இறக்க இறக்க நீள்வட்டமாகத் திறந்து, நேர் மேலிருந்து பார்க்கையில் முழு வட்டமாகிவிடும். அடியின் விளிம்பு கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிடச் சற்று அதிகமாகவே வளையும். இதனைச் சொல்லி விளங்க வைக்க நமக்கு வரவில்லை. டம்ளரை ஏற்றி இறக்கியே காட்டினோம். கடலைப் பொட்டலத்தைக் கவிழ்த்து வைத்தால் கூம்பு. அது விரைவில் வந்துவிட்டது.

கோளத்துக்குக் கோடு உதவாது. சாத்துக்குடிப் பழத்தை எப்படி வரைந்தாலும் வட்டமே. ஓரிரவு மின்சாரம் நின்றபோது, மெழுகுதிரி ஒன்றை ஏற்றி அருகில் பழத்தை வைத்தோம். ஒளி படும் இடம் வெண்மை, மறுபுறம் கருமை, ஆயினும் கருமையின் கடைசி ஓரத்தில், மேசையிலிருந்து எதிரொளித்த மெல்லிய வெளிச்சம். அவ்வோரத்தை அவள் நம் உதவியின்றியே கண்டுபிடித்தாள்.

ஊருக்குப் புறப்படும் நாளன்று தீப்பெட்டியை மீண்டும் வரைந்தாள். மூன்றே பக்கங்கள், கோடுகள் ஓரளவு நேராகவே இருந்தன. பின்னர் பென்சிலை இலேசாகப் பிடித்து, மறைந்த விளிம்புகளைப் புள்ளிக் கோடுகளாக இட்டாள். அதனை நாம் கற்பிக்கவில்லை. உள்ளே ஏழெட்டுக் குச்சிகளையும் வரைந்துவிட்டுத் தாளை நம்மிடம் நீட்டினாள்.

"இப்போது கொட்டாது, தாத்தா."