ஐந்தாம் பிரிவைத் தாங்கி நிற்பது எது?

நேட்டோவில் ஒரு நாட்டைத் தாக்கினால் மற்ற நாடுகள் எல்லாம் போருக்கு வந்தே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1949 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்கிறது. ஆனால் என்ன உதவி செய்வது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம். ஆக, அதைத் தாங்கி நிற்பது நம்பிக்கைதான்.

இதுவரை ஒரே ஒரு முறைதான் அது செயலுக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. டென்மார்க் சின்ன நாடு. மக்கள்தொகை சுமார் 60 லட்சம். ஆப்கானிஸ்தானில் 40-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்தது. அதே டென்மார்க் அரசைச் சேர்ந்த கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்றார் அமெரிக்க அதிபர் டிரம்ப். படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தரக்கூட 2025 ஜனவரியில் மறுத்தார்.

அந்த ஜூனில் ஹேக் மாநாட்டில், 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கும் அது சார்ந்த பணிகளுக்கும் செலவிட நேட்டோ ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் பீரங்கி வாங்கலாம், போர் விமானம் வாங்கலாம். ஆபத்தில் நண்பன் வருவான் என்ற நம்பிக்கையை எங்கே வாங்குவது?

ரஷ்யாவை ஒட்டியிருக்கும் எஸ்தோனியா, லாட்வியா போன்ற குட்டி நாடுகளுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியுமா என்ற கேள்வி.