முயலைத் திருத்துவதா, வீட்டைத் திருத்துவதா?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "டீச்சர், பிள்ளை முயல் வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள். வாங்கித் தரலாமா?" எங்கள் வீட்டில் முயல் இருப்பது மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். நான்காம் ஆண்டு மாணவர்களை 'நான் ஒரு முயல்' என்று தன்கதை எழுதச் சொன்னால், அதில் பாதி எங்கள் பஞ்சுவின் கதையாகத்தான் இருக்கும்.

பஞ்சு நாங்கள் கடையில் வாங்கிய முயலன்று. 2023 சீன நாட்காட்டிப்படி முயல் ஆண்டு. அந்தப் பெருநாளையொட்டி எங்கள் தாமானில் ஒரு வீட்டார் பிள்ளைகளுக்காக வாங்கினார்கள். சில மாதங்களில், 'சோபாவைக் கடிக்கிறது, வயரைக் கடிக்கிறது' என்ற குற்றச்சாட்டோடு அது வெளியேற்றப்பட இருந்தது. என் மகள் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தாள். வந்த முதல் வாரத்திலேயே கைப்பேசிச் சார்ஜரின் வயர் இரண்டு துண்டானது. அடுத்தது, மறைந்த என் மாமனாரின் பிரம்பு நாற்காலி. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவர் தமக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. அத்தை அதில் யாரையும் அமர விடுவதில்லை. அதன் முன்கால் ஒரே இரவில் பென்சில் சீவியதுபோல் ஆகிவிட்டது.

"வளர்த்தவர்களே வேண்டாம் என்று தள்ளிய பிராணி. நாளைக்கே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்," என்றார் அத்தை. மகள் இரவு உணவைத் தொடவில்லை. எங்கே கொண்டுபோய் விடுவது? கூண்டிலேயே வளர்ந்த முயலைப் புதரில் விட்டால், தெருநாய்க்கோ பாம்புக்கோ இரையாகும். விடுதலை என்ற பெயரில் நாம் கொடுக்கும் மரண தண்டனை அது.

முயல் ஏன் கடிக்கிறது என்பதைப் பலர் குறும்பு என்றே எண்ணுகின்றனர். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 செண்டிமீட்டர் வளரும். (முயலை எலியோடு சேர்த்துக் கொறிணி என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருப்பதைக் கண்டால் எலிக்கும் முயலுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். அறிவியல் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுங்கள்; பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.) தேய்மானம் இல்லாமல் பற்கள் நீண்டுவிட்டால் முயலால் உண்ண இயலாது. பற்களைத் தேய்ப்பது பெரும்பாலும் மரக்கட்டை என்று நினைக்கிறோம். உண்மையில், நாள் முழுதும் பக்கவாட்டில் அரைத்து அரைத்து உண்ணும் நார்மிக்க புல்லே அந்த வேலையைச் செய்கிறது. உலர்புல் குறைந்து, கடையில் விற்கும் உருண்டைத் தீனியே உணவாகும்போது, முயலுக்கு அரைக்க வேலை இல்லை. வேலை இல்லாத வாய் மேசைக்காலைத் தேடிப் போகிறது. பஞ்சு முன்பிருந்த வீட்டில் தின்றதெல்லாம் உருண்டைத் தீனியும் கேரட்டும்தான்.

அடித்துத் திருத்தலாமே என்றார் உறவினர் ஒருவர். அடித்தால், கடித்ததற்கு அடி என்று முயலுக்குப் புரியாது. கையைக் கண்டால் ஓடக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே. அதுவும் பிரம்பையே தின்றுவிட்ட முயலிடம் பிரம்பைக் காட்டி என்ன பயன்? ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்கள் விரிவுரைஞர் ஒருவர், வகுப்பில் மேசை நாற்காலிகளை மாற்றி அடுக்கினாலே பாதிக் குறும்பு அடங்கிவிடும் என்பார். இருபது ஆண்டு அனுபவத்தில் நான் கண்ட உண்மையும் அதுவே. எனவே வீட்டை மாற்றி அடுக்கினோம்.

முதலில் மின்கம்பிகள். இதில் மட்டும் விளையாட்டில்லை. நம் நாட்டுச் சுவர்களில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். கடித்த முயல் மட்டுமன்று, தோல் உரிந்த வயரைத் தொடும் குழந்தையும் ஆபத்தில் சிக்கும். ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாய் வாங்கி, என் கணவர் குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, விசிறி ஆகியவற்றின் வயர்களை உள்ளே நுழைத்துச் சுவரோடு சேர்த்து அடித்தார். முயல் பின்னங்கால்களில் நின்றால் எட்டும் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டடிக்குக் கீழே வயர் எதுவும் தொங்குவதில்லை. குழாய்க்குள் புக முடியாத சார்ஜர்கள் அலமாரியின் மேலே ஏறிவிட்டன.

அடுத்து, கூடத்தின் ஒரு மூலையில் கம்பித் தடுப்பு. முயல் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும் விலங்கு. நாங்கள் பள்ளிக்குப் பரபரக்கும் நேரமும் சமைக்கும் நேரமும் அதற்கு ஆட்ட நேரம். அப்போது தடுப்புக்குள் இருக்கும். இரவு ஏழரைக்கு மேல் எங்கள் கண்பார்வையில் வெளியே வரும். உள்ளே எப்போதும் குவியலாக உலர்புல், அட்டைப்பெட்டி, மருந்தடிக்காத கொய்யாக் கிளை. அரளிச் செடியையும் தொட்டிச் செடிகளையும் வாசலுக்கு வெளியே நகர்த்தினோம். அரளி நஞ்சு.

மேசைக்காலில் மிளகாய்த் தூளைத் தடவச் சொன்னார் அத்தை. கண்ணிலும் மூக்கிலும் பட்டால் வதை என்று நான் இணங்கவில்லை. பாகற்காய்ச் சாறு தடவினார்; பஞ்சு அதையும் நக்கிவிட்டு மரத்தைக் கடித்தது. கசப்பான கீரையை விரும்பித் தின்னும் பிராணியிடம் கசப்பு எடுபடவில்லை.

நாற்காலி இப்போது அத்தையின் அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. காலை மாற்றித் தருகிறேன் என்று என் கணவர் சொன்னார். அத்தை வேண்டாம் என்றுவிட்டார். பஞ்சுவை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆனால், ஒருநாள் மாலை நான் பள்ளிக் கூட்டத்தில் இருந்தபோது, "அது காலையிலிருந்து புல்லைத் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை," என்று தொலைபேசியில் சொன்னவர் அவரே. முயலால் வாந்தி எடுக்க இயலாது. அரை நாள் உண்ணாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்றுபோய் உயிருக்கு ஆபத்தாகலாம். நாங்கள் அன்றே விலங்கு மருத்துவரிடம் ஓடினோம், பிழைத்தது.

ஆக, கேட்கும் பெற்றோரிடம் நான் வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதில்லை. நன்கு பராமரித்தால் முயல் எட்டு முதல் பத்தாண்டு வரை வாழக்கூடியது; இன்று நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளை அதற்குள் பல்கலைக்கழகம் போய்விடுவாள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். புல்லும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு என்று கேட்கிறேன். சிலர் யோசித்துவிட்டு மீன்தொட்டி வாங்கினார்கள்.

எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு சமையலறைக் கதவின் அடிப்பகுதி. அலுமினியத் தகடு அடித்தோம். தகடு முடிந்து மரம் தொடங்கும் இடத்தைப் பஞ்சு மறுநாளே கண்டுபிடித்துவிட்டது.